சென்னை எஃப்எம் எல்லாம் ஏன் ஒரே மாதிரி கேக்குது?

91.1, 91.9, 92.7, 93.5, 94.3. சென்னையில ரேடியோ கேட்டு வளர்ந்த யாருக்கும் இந்த நம்பர் எல்லாம் மனப்பாடம். ஆனா ஒண்ணுலேர்ந்து ஒண்ணைக் கழிச்சுப் பாத்திருக்கீங்களா? எல்லாத்துக்கும் நடுவுல கரெக்டா 0.8. ஒரே ஊர்ல ரெண்டு எஃப்எம் ஸ்டேஷனுக்கு நடுவுல 800 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி இருக்கணும்னு கவர்மென்ட் வச்ச ரூல் அது. 400 போதும்னு ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பரிந்துரை கொடுத்தும் பாத்தாச்சு. 88லேர்ந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்குற பட்டையில 100ஐத் தாண்டி கொஞ்ச தூரம் ஆகாசவாணிக்குப் போயிடுது, மிச்சத்துல இந்த இடைவெளியும் விட்டா ஒரு பெரிய ஊருக்கே கைவிரல்ல எண்ற அளவுதான் தனியார் அலைவரிசை தேறும்.

இந்த சின்ன கணக்கை ஏன் மொதல்லயே சொல்றேன்னா, "எந்த ஸ்டேஷன் திருப்புனாலும் அதே பாட்டுதான்யா ஓடுது"ன்னு நாம எல்லாரும் பொலம்புறோம்ல, அதுக்குக் காரணம் ஆர்ஜேக்களும் இல்ல, நம்ம ரசனையும் இல்ல. அலைவரிசையை வித்த விதத்துலயும் கேக்குறவங்களை எண்ணுன விதத்துலயும் (எண்ணாம விட்ட விதத்துலயும்) இருக்கு விஷயம்.

கொஞ்சம் பின்னாடி போலாம். இந்த ஊருக்கு ரேடியோ ஆர்வம் ரொம்பப் பழசு. 1924லயே மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்னு ஒண்ணு ஆரம்பிச்சு ஒலிபரப்பு பண்ணிருக்காங்க, கிருஷ்ணசாமி செட்டின்னு ஒருத்தர் முன்ன நின்னு நடத்துனது. காசு பத்தாம 1927ல கிளப் மூடிருச்சு, டிரான்ஸ்மிட்டரை மெட்ராஸ் கார்ப்பரேஷன் கையில கொடுத்துட்டாங்க, கார்ப்பரேஷன் 1930லேர்ந்து தானே ஸ்டேஷன் நடத்துச்சு. குப்பை அள்ற, தெருவிளக்கு போடுற அதே மாநகராட்சி சாயங்காலம் பாட்டும் போட்டுச்சு, வீட்ல செட் இல்லாதவங்களுக்காக பீச்லயும் பார்க்லயும் ஒலிபெருக்கி வச்சிருந்தாங்க. லோக்கல் ரேடியோன்னா இதைவிட லோக்கலா ஒண்ணு இருக்க முடியாது. 1938 ஜூன்ல ஆல் இந்தியா ரேடியோ வந்ததும் அந்தக் கதை முடிஞ்சுது.

அப்பறம் நடந்தது தமிழ் ரேடியோ பைத்தியங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். 1952ல மத்திய அமைச்சரா வந்த கேஸ்கருக்கு சினிமாப் பாட்டுன்னாலே ஆகாது, ஆகாசவாணியில அதை அப்படியே குறைச்சாரு. நம்ம ஆளுங்க விடுவாங்களா, நேரா சிலோனுக்குத் திருப்பிட்டாங்க. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது, இவங்க குரல் எல்லாம் தமிழ்நாட்டு வீடுகள்ல சொந்தக்காரங்க குரல் மாதிரி பழகிப்போச்சு. பொறந்தநாள் வாழ்த்துன்னு ஒரு நிகழ்ச்சி, குழந்தை பேரைச் சொல்லிட்டு அப்பா அம்மா தாத்தா பாட்டி பெரியப்பா சித்தின்னு ஒரு குடும்ப அட்டையையே வாசிப்பாங்க. 1957ல விவித் பாரதியை ஆரம்பிச்சதே இப்படி ஓடிப்போன நேயர்களைத் திருப்பிக் கூட்டிட்டு வரத்தான். இன்னிக்கு ஆர்ஜே பண்ற முக்கால்வாசி வேலைக்கு, அதாவது பாட்டுக்கு நடுவுல பேசுறது, நேயர் பேரைச் சொல்றது, போட்டி வைக்கிறது, இதுக்கெல்லாம் தமிழ்ல இலக்கணம் போட்டது சிலோன் வானொலிதான். எஃப்எம்காரங்க கண்டுபிடிச்சதுன்னு நெனைக்கிறவங்க அந்தக் காலத்து ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேக்கலாம்.

இந்தியாவுலயே மொத மொத எஃப்எம் ஒலிபரப்பு நடந்தது நம்ம மெட்ராஸ்லதான், 1977 ஜூலை 23. டெல்லி இல்ல, பம்பாய் இல்ல. மீடியம் வேவ்ல அலையோட உயரத்தை மாத்தி அனுப்புறதால பக்கத்துல மிக்ஸி ஓடுனாலும் இடி இடிச்சாலும் கரகரன்னு கேக்கும், எஃப்எம்ல அலையோட அதிர்வெண்ணை மாத்தி அனுப்புறதால அந்த இரைச்சல் ஒட்டாது, தம்புராவோட ரீங்காரம் வரைக்கும் சுத்தமா வரும். கச்சேரி ஊருக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்! ஆனா யாரும் பெருசா கொண்டாடல, ஏன்னா கேக்குறதுக்கு செட்டு இல்ல. வீட்ல இருந்த மர்ஃபி, பிலிப்ஸ் பெட்டிங்கள்ல பெரும்பாலும் மீடியம் வேவும் ஷார்ட் வேவும்தான். 720ல மெயின் ஸ்டேஷன் வந்துக்கிட்டு இருந்துச்சு, அதுவே போதும்னு இருந்துட்டாங்க. கிட்டத்தட்ட பதினஞ்சு வருஷம் எஃப்எம் இந்த ஊர்ல இருந்தும் இல்லாத மாதிரிதான்.

1993ல டெல்லி மும்பையில ஆரம்பிச்சு எஃப்எம் நேரத்தை மணிக்கணக்குல தனியாருக்கு வாடகைக்கு விட்டாங்க, டைம்ஸ் எஃப்எம் எல்லாம் அப்படி வந்ததுதான், சென்னையிலயும் ஓடுச்சு. டிரான்ஸ்மிட்டர் ஆகாசவாணியோடது, நிகழ்ச்சி தனியாரோடது. 1998ல அந்த ஒப்பந்தத்தை நிறுத்திட்டாங்க. இதுக்கு நடுவுல 1995 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்குல ஒரு பெரிய வார்த்தை சொல்லிருச்சு, அலைவரிசை பொதுச்சொத்து, கவர்மென்ட் அதைத் தன் ஏகபோகமா வச்சுக்க முடியாதுன்னு. பொதுச்சொத்துன்னு கோர்ட் சொன்னதை டெல்லி எப்படிப் புரிஞ்சுக்கிச்சுன்னா, ஏலம் விடலாம்னு புரிஞ்சுக்கிச்சு.

மொதக் கட்ட ஏலத்துக்கு 40 ஊர்ல 108 அலைவரிசை. எல்லாரும் ஆசைல ஏத்தி ஏத்தி கேட்டாங்க, ஏலத் தொகைதான் வருஷக் கட்டணம், அதுவும் வருஷத்துக்கு 15 சதவீதம் ஏறிக்கிட்டே போகும். விளம்பர வருமானம் அந்த வேகத்துல ஏறுமா? நிறைய பேர் கையைச் சுட்டுக்கிட்டு ஸ்டேஷனே ஆரம்பிக்காம ஓடிட்டாங்க, 108ல கடைசியில தேறுனது இருபத்தி சொச்சம்தான். நாட்டுல மொத தனியார் ஸ்டேஷன் 2001 ஜூலையில பெங்களூருல ரேடியோ சிட்டி. சென்னைக்கு 2003 வாக்குலதான் சூடு வந்துச்சு, சன் குழுமத்தோட சூரியன் 93.5, டைம்ஸ் குழுமத்தோட ரேடியோ மிர்ச்சி 98.3. "கேளுங்க கேளுங்க கேட்டுக்கிட்டே இருங்க"வும் "செம ஹாட் மச்சி"யும் ஒரே சமயத்துல ஊரைப் புடிச்சுது. அப்பத்தான் காதுல மாட்டுற வயரே ஆன்டெனாவா வேலை செய்யுற எஃப்எம் வச்ச நோக்கியா போனும் சட்டைப்பை சைஸ் சைனா ரேடியோவும் மலிவா வந்துச்சு, அதையும் சேத்துத்தான் பாக்கணும். 1977ல இல்லாம போனது 2003ல எல்லார் பாக்கெட்லயும் இருந்துச்சு.

அடுத்து 2005 கொள்கை. அமித் மித்ரா தலைமையில ஒரு கமிட்டி (பின்னாடி மேற்கு வங்க நிதியமைச்சர் ஆனாரே, அவரேதான்) வருஷக் கட்டணத்தை விட்டுட்டு வருமானத்துல பங்கு வாங்குங்கன்னு சொல்லுச்சு, அதை ஒட்டி ஒரு தடவை நுழைவுக் கட்டணம், அப்பறம் மொத்த வருமானத்துல 4 சதவீதம்னு மாத்துனாங்க. உடனே சென்னையில கடை நெரிசல் ஆயிடுச்சு. 91.1 ரேடியோ சிட்டி, குமுதத்தோட 91.9 ஆஹா, 92.7 பிக் எஃப்எம், 94.3 ரேடியோ ஒன், தினத்தந்தி குழுமத்தோட 106.4 ஹலோ எஃப்எம், இங்கிலீஷ் பேச்சுன்னு ட்ரை பண்ண 104.8 சென்னை லைவ், எல்லாம் 2006லேர்ந்து ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள வரிசையா வந்தது.

அந்தக் கொள்கையில ஒரு ரூல் இருந்துச்சு, ஒரு ஊர்ல ஒரு கம்பெனிக்கு ஒரே ஒரு அலைவரிசைதான். ஏகபோகம் வரக்கூடாதுன்னு நல்ல மனசோட வச்ச ரூல்தான், ஆனா நடந்தது தலைகீழ். ஒரு ஸ்டேஷன் மட்டும் உங்க கையில இருந்தா என்ன போடுவீங்க? பழைய தியாகராஜ பாகவதர் பாட்டுக்குன்னு ஒரு ஸ்டேஷன், கானாவுக்குன்னு ஒண்ணு, சுயாதீன இசைக்குன்னு ஒண்ணு, இப்படியெல்லாம் யாரும் ரிஸ்க் எடுக்க மாட்டாங்க. மெரினாவுல கூட்டம் நிக்கிற எடத்துலதானே எல்லா சுண்டல் தட்டும் நிக்கும், ஆளில்லாத மூலையில ஒருத்தரும் போய் நிக்க மாட்டாரு. அப்படித்தான் எட்டு ஸ்டேஷன்ல பெரும்பாலானது புது சினிமா ஹிட்டுன்ற ஒரே எடத்துல போய் நின்னுச்சு. அதே கம்பெனிக்கு ரெண்டு அலைவரிசை கொடுத்துப் பாருங்க, தனக்குத் தானே போட்டி போடுறது முட்டாள்தனம்னு ரெண்டாவதை வேற மாதிரி நடத்துவான். இது வெறும் ஊகம் இல்ல. 2011 கொள்கையில, குறைஞ்சது மூணு வேற வேற கம்பெனி இருந்தா ஊரோட அலைவரிசைல 40 சதவீதம் வரைக்கும் ஒருத்தரே வச்சுக்கலாம்னு தளர்த்துனாங்க, பெங்களூருல மிர்ச்சி 95ன்னு ரெண்டாவது ஒண்ணு எடுத்து 98.3ல கன்னடமும் 95ல இந்தியுமா பிரிச்சாங்க. சென்னையில அதுக்குள்ள இடம் பெருசா காலி இல்ல, 0.8 கணக்கு மறுபடியும் குறுக்க வந்து நின்னுச்சு.

சரி, ஸ்டேஷனுக்குள்ள என்ன நடக்குதுன்னு பாப்போம். நிறைய பேர் நெனைக்கிறது ஆர்ஜே ஆசைப்பட்ட பாட்டைப் போடுறாருன்னு. இல்லவே இல்ல. பாட்டு லிஸ்ட் முந்தின நாளே ரெடி, மியூசிக் மேனேஜரும் ஒரு சாஃப்ட்வேரும் சேந்து போட்டது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு 'கிளாக்' இருக்கும். காலையில எட்டு மணி கிளாக்னு வச்சுக்குங்க, மணி அடிச்சதும் ஸ்டேஷன் ஜிங்கிள், உடனே இப்ப ஓடிக்கிட்டு இருக்குற பெரிய ஹிட், அது முடியுறதுக்குள்ள அந்த மியூசிக் மேலயே ஆர்ஜே ஏறி ஒரு லிங்க் பேசுவாரு, டைம் சொல்வாரு, கத்திப்பாராவுல வண்டி நிக்குதான்னு சொல்வாரு, அடுத்து ரெண்டு வருஷம் முந்தின பாட்டு ஒண்ணு, ஒரு ஸ்வீப்பர் (ஸ்டேஷன் பேரைச் சொல்ற குட்டித் துணுக்கு), இன்னொரு பாட்டு, அதுக்கப்பறம் விளம்பரம். விளம்பரம் போகப்போற நொடிக்கு முன்னாடி "அது யாருன்னு இன்னும் கொஞ்ச நேரத்துல சொல்றேன்"னு ஒரு கொக்கி போட்டுட்டுப் போவாரு பாருங்க, அந்தக் கொக்கிக்குத்தான் சம்பளம்னு சொன்னாலும் தப்பில்ல. மணிக்கு பத்துப் பன்னெண்டு பாட்டு, மிச்சம் பேச்சும் விளம்பர ஸ்பாட்டும்.

பாட்டுங்களை வகை வகையா பிரிச்சு வச்சிருப்பாங்க. புத்தம்புது ஹிட் ஒரு கைப்பிடிதான் இருக்கும், அது மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும். அதுக்குக் கீழ கொஞ்சம் ஆறிப்போன ஹிட், அதுக்குக் கீழ 90ஸ், 80ஸ். வண்டியில ஆபீஸ் போறவரு காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணிதான் கேப்பாருன்னு அவங்க கணக்கு, அந்த அரை மணிக்குள்ள அவருக்குப் புடிச்ச புதுப்பாட்டு ஒண்ணாவது விழுந்தே ஆகணும். ஆனா நாள் முழுக்க ஸ்டேஷனை ஓட விட்டிருக்குற சலூன்காரருக்கும் டெய்லர் கடைக்காரருக்கும் அதே பாட்டு நாலஞ்சு தடவை. பொலம்புறது எல்லாம் ரெண்டாவது வகை ஆளுங்க, நிகழ்ச்சி போடுறது எல்லாம் மொத வகை ஆளுக்கு.

ராத்திரி ஒம்பது மணிக்கு மேல எல்லா ஸ்டேஷனும் இளையராஜாவுக்குப் போறதுக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. அந்த நேரத்துல விளம்பரம் கம்மி, ஆபீஸ் ஆளு டிவி பாக்கப் போயிட்டாரு, மிச்சம் இருக்குறது டிரைவருங்க, வாட்ச்மேனுங்க, தூக்கம் வராதவங்க, ஹாஸ்டல் பசங்க. எத்தனை தடவை போட்டாலும் சலிக்காத பாட்டுன்னு ஒரு கேட்டலாக் தமிழ்ல அவருகிட்டதான் அவ்ளோ பெருசா இருக்கு. வியாபாரக் கணக்கே நல்ல ரசனையில போய் முடிஞ்ச ஒரே எடம் இதுதான்னு எனக்குத் தோணும்.

இங்க ஒரு தப்பான நம்பிக்கையைச் சொல்லணும். ராயல்டி காசை மிச்சம் புடிக்கத்தான் திருப்பித் திருப்பிப் போடுறாங்கன்னு சிலர் சொல்வாங்க. முன்னாடி பாட்டு ஓடுற மணி நேரத்துக்கு இவ்ளோன்னு கட்டணம் இருந்துச்சு, ரேடியோ கம்பெனிக்கும் மியூசிக் கம்பெனிக்கும் வருஷக்கணக்கா கேஸ். 2010 ஆகஸ்ட்ல காப்புரிமை வாரியம் நிகர விளம்பர வருமானத்துல 2 சதவீதம்னு தீர்ப்பு கொடுத்துச்சு. தனியா ஒப்பந்தம் போடுற லேபிள்களும் பிற்பாடு வந்த வழக்குகளும் வேற கதை, ஆனா வருமானத்துல பங்குன்னு ஆனதுக்கு அப்பறம் பன்னெண்டு பாட்டையே சுத்திப் போட்டாலும் இருநூறு பாட்டு போட்டாலும் பில்லு பெருசா மாறாது. அரிதான பாட்டைப் போட காசு தடை இல்ல, பயம்தான் தடை. தெரியாத பாட்டு வந்தா ஆளு அடுத்த நம்பருக்குத் தாவிருவாருன்ற பயம்.

அந்தப் பயம் நெசமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? அங்கதான் ஓட்டை. ரேடியோ கேக்குறவங்களை அளக்க 2007ல ராம்னு ஒரு முறை வந்துச்சு, ஆளுங்க கையில டைரி கொடுத்து எப்ப எந்த ஸ்டேஷன் கேட்டோம்னு குறிக்கச் சொல்றது, ஆனா அது மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா, இந்த நாலு ஊர்ல நடந்தது. எஃப்எம் பொறந்த ஊர் அந்த லிஸ்ட்ல இல்ல. அதனாலதான் சென்னையில ஒரே நேரத்துல மூணு ஸ்டேஷன் "நாங்கதான் நம்பர் ஒன்"னு சொல்ல முடியுது, யாரும் யாரையும் பொய்னு நிரூபிக்க முடியாது. அளவுகோல் சரியா இல்லாத எடத்துல வித்தியாசமா ஒண்ணு செஞ்சு அது ஜெயிச்சாலும் கூட காட்டுறதுக்கு ஆதாரம் இல்ல, அப்ப பக்கத்து ஸ்டேஷன் செய்யுறதையே செய்யுறதுதான் பாதுகாப்பு.

பாட்டுல வித்தியாசம் காட்ட முடியாதவங்க பேச்சுல காட்டுனாங்க. சென்னை எஃப்எம்மோட உண்மையான சாதனை அதுதான். மிர்ச்சியில சுசித்ரா காலையில நடத்துன ஹலோ சென்னை, ஆஹாவுல சின்மயி பண்ண அஞ்சறைப் பெட்டி, பிக் எஃப்எம்ல ஆர்ஜே பாலாஜியோட கிராஸ் டாக், இதுக்கெல்லாம் ஒரு சொந்த ருசி இருந்துச்சு. மிர்ச்சி சிவா, மிர்ச்சி செந்தில், மிர்ச்சி சுசின்னு வேலையை விட்டுப் போன பிறகும் ஸ்டேஷன் பேரு ஆளோட பேருல ஒட்டிக்கிச்சு. ஆகாசவாணி அறிவிப்பாளர் "நேயர்களே"ன்னு மொத்தமா கூப்பிட்ட எடத்துல இவங்க "மச்சி"ன்னு ஒருத்தரைக் கூப்பிட்டாங்க. சிலருக்கு அது எரிச்சல், தமிழைக் கொல்றாங்கன்னு. எனக்கு ஆட்சேபணை தமிழைப் பத்தி இல்ல, மூச்சு விடாம எல்லாரும் ஒரே ஸ்பீடுல பேசுறதைப் பத்தித்தான்.

பேச்சுக்கும் ஒரு வேலி உண்டு. தனியார் எஃப்எம் சொந்தமா செய்தி சொல்லக் கூடாது, 2011க்கு அப்பறம் ஆகாசவாணி செய்தியை ஒரு எழுத்து மாத்தாம அப்படியே போட்டுக்கலாம்னு மட்டும் விட்டாங்க. டிராஃபிக், வானிலை, பரிச்சை ரிசல்ட் எல்லாம் செய்தி இல்லன்னு கணக்கு. அதனால "உங்க ஏரியாவுல தண்ணி லாரி வந்துச்சா, கால் பண்ணுங்க"ன்னு ஆர்ஜே கேக்கலாம், லாரி ஏன் வரலன்னு ரிப்போர்ட்டரை அனுப்பி சொல்ல முடியாது. டிவியில 24 மணி நேரமும் செய்தி, பேப்பர்ல செய்தி, போன்ல செய்தி, ரேடியோவுக்கு மட்டும் ஆகாது. 2023 செப்டம்பர்ல ட்ராய் மணிக்கு 10 நிமிஷம் செய்தி அனுமதிக்கலாம்னு சொல்லியிருக்கு. ஒரு ஊர் ஸ்டேஷன் அந்த ஊருக்காகப் பேசுறதுக்கு இருந்த பெரிய வாய்ப்பே இதுதான், அதைப் பூட்டிட்டு ஏன் வெறும் பாட்டும் மொக்கையுமா இருக்குன்னு கேக்குறது நியாயமே இல்ல.

தப்பிச்சவங்களும் இருக்காங்க. ஏலம் எடுக்காத ஸ்டேஷன்களைக் கேட்டுப் பாருங்க, சத்தமே வேற. அண்ணா பல்கலைக்கழகத்தோட அண்ணா எஃப்எம் 90.4, 2004 பிப்ரவரி 1ல ஆரம்பிச்ச நாட்டோட மொத வளாக சமுதாய வானொலி, கிண்டியைச் சுத்தி பத்து பன்னெண்டு கிலோமீட்டர்தான் எட்டும், ஆனா பக்கத்து ஏரியா பொம்பளைங்களே வந்து உடம்பு, படிப்பு, சுயஉதவிக் குழுன்னு பேசுவாங்க. ஆகாசவாணியோட ரெயின்போ 101.4ல நிதானமா பேச்சு உண்டு. தெக்க போனா கொடைக்கானல் மலை மேலேர்ந்து வர்ற 100.5 கோடை பண்பலை, எஃப்எம் அலை நேர்கோட்டுல போறதால மலை உச்சியில டிரான்ஸ்மிட்டர் இருந்தா தடுக்க ஆளில்ல, தென் மாவட்டம் பூரா தோட்டத்துலயும் பஸ்லயும் அது கேக்கும். விவசாயம் பேசும், ஊர்ப்பேரு சொல்லும், விளம்பரக்காரனுக்காக மூச்சு முட்டாது.

2024 ஆகஸ்ட்ல மத்திய அமைச்சரவை 234 புது ஊர்களுக்கு 730 அலைவரிசை ஏலம் விட ஒப்புதல் கொடுத்துச்சு. திண்டுக்கல், கரூர், காரைக்குடி, ராஜபாளையம், திருவண்ணாமலை, வாணியம்பாடின்னு நம்ம பக்கத்து ஊர்களும் அந்த லிஸ்ட்ல இருக்கு. சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி காசைப் பாக்கணும். ரேடியோ விளம்பரத்தை 10 செகண்ட் கணக்குலதான் விப்பாங்க, கவர்மென்ட் விளம்பரத்துக்கே அடிப்படை ரேட் 52 ரூபாயா இருந்து 2023லதான் 74 ஆச்சு. கரூர்ல ஒரு ஜவுளிக்கடை, ஒரு நகைக்கடை, ரெண்டு காலேஜ், ஒரு பாத்திரக்கடை, இவங்க கொடுக்குறதுல நாலு ஆர்ஜே சம்பளமும் கரண்ட் பில்லும் கவர்மென்ட்டுக்கு 4 சதவீதமும் கட்டி ஒரு ஸ்டேஷன் ஓடணும். முடியலன்னா ராத்திரியும் மத்தியானமும் சென்னையிலயோ மதுரையிலயோ பேசுன நிகழ்ச்சியையே அங்கயும் ஓட விடுவாங்க, கரூர் எஃப்எம்ல கத்திப்பாரா ஜோக் கேக்கும். போன் கம்பெனிங்க எஃப்எம் சிப்பை அணைச்சு வைக்காதீங்கன்னு 2023ல மத்திய அரசு அறிவுரை அனுப்புற நிலைமை வேற, பழைய நோக்கியாவுல சும்மா வந்ததை இன்னிக்கு கேட்டு வாங்க வேண்டியிருக்கு. மணிக்கு பத்து நிமிஷம் செய்தின்ற பரிந்துரையை ஏலத்துக்கு முன்னாடியே சட்டமாக்கிட்டா மட்டும் கதை வேற, அப்ப கரூர்க்காரருக்கு ஸ்பாட்டிஃபைல கெடைக்காத ஒண்ணு அந்த ஸ்டேஷன்ல இருக்கும், கரூர் பஸ் ஸ்டாண்டுல இன்னிக்கு என்ன நடந்துச்சுன்றது.